நீங்கள் வேறு, உங்கள் கார் வேறு: மலேசியாவிலிருந்து லாவோஸ் வரை சாலைவழியே

தாய்லாந்தின் ஹட்யாய்க்குக் காரில் போய்வந்தவர்கள் நம்மிடையே ஏராளம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்பி, சூடாகத் தோம்யாம் சாப்பிட்டுவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடுவார்கள். அப்படி இரண்டு மூன்று தடவை போனதும் ஆசை வரும். இதே காரை இன்னும் வடக்கே விட்டால் என்ன? பாங்காக்கைத் தாண்டி, மேக்கோங் ஆற்றைக் கடந்து, லாவோஸ் வரை போக முடியுமா?

முடியும். மலேசியப் பதிவெண் கொண்ட சொந்தக் காருக்குத் தாய்லாந்தும் லாவோசும் வழிவிடுகின்றன. ஓட்டுவது பெரிய வித்தையல்ல. எல்லையில் எந்தச் சன்னலில் எந்தக் காகிதத்தை வாங்க வேண்டும் என்று தெரியாமல் போகிறவர்கள்தான் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் ஊர் அழகைவிடக் காகிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எல்லையில் உங்களைப் பார்ப்பது குடிநுழைவுத் துறை. காரைப் பார்ப்பது சுங்கத்துறை. கடப்பிதழில் முத்திரை விழுந்ததால் காரும் முறைப்படி உள்ளே வந்துவிட்டதாக அர்த்தமில்லை. காரை, உங்களோடு வரும் இன்னொரு பயணியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனிக் காகிதம் உண்டு, தனித் தவணை உண்டு. நீங்கள் அறுபது நாள் தங்க அனுமதி பெற்றிருக்கலாம். காருக்கு முப்பது நாள்தான் எழுதியிருக்கலாம். இரண்டில் எது முன்னால் முடிகிறதோ, அதை வைத்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

வீட்டிலிருந்து என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் கடப்பிதழ். காரின் கிரான் (வாகன உரிமைச் சான்றிதழ்). ஓட்டுநர் உரிமம். 2023 முதல் நம் நாட்டில் ரோட் டேக்ஸும் உரிமமும் கைப்பேசியிலேயே இருந்தால் போதும் என்றாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். லாவோஸ் மலைப்பாதையில் நிறுத்தும் போலீஸ்காரரிடம் மலாய் மொழிச் செயலியைத் திறந்து காட்டி விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அனைத்துலக உரிமம் வேண்டாமா? ஆசியான் நாடுகள் ஒன்றின் உள்நாட்டு உரிமத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்வதாக 1985-இல் கோலாலம்பூரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி உங்கள் மலேசிய உரிமமே போதும். இருந்தாலும் அனைத்துலக உரிமத்தையும் எடுத்து வைப்பது நல்லது. விபத்து என்று வந்துவிட்டால், காப்புறுதிக்காரர் படிக்கக்கூடிய மொழியில் ஒரு தாள் கையில் இருப்பது உதவும்.

கார் யார் பெயரில் இருக்கிறது? இந்தக் கேள்வியில்தான் பல குடும்பப் பயணங்கள் எல்லையிலேயே திரும்பிவிடுகின்றன. கார் அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டினால், அப்பாவின் எழுத்துபூர்வ அனுமதிக் கடிதம் வேண்டும். நிறுவனத்தின் கார் என்றால் நிறுவனத்தின் கடிதம். வங்கிக் கடன் இன்னும் முடியவில்லையென்றால் வங்கியிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் போய் நிற்காமல் சில வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். ஒரே நாள் ஹட்யாய் பயணத்தில் யாரும் இதைக் கேட்காமல் விட்டிருக்கலாம். அதை நம்பி லாவோசுக்குக் கிளம்ப வேண்டாம்.

லாவோஸ் வரை போகிறவர்கள் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் ஐசிபி (நம் வாகனம் வெளிநாட்டில் ஓட உதவும் அனைத்துலகப் பயண அனுமதி) ஒன்றையும் எடுத்துக்கொள்வது வழக்கம். நம் கிரானை வாசிக்கத் தெரியாத அதிகாரிக்கு அது காரின் அடையாள அட்டை மாதிரி.

இப்போது காப்புறுதி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நீங்கள் வருடாவருடம் கட்டும் மலேசியக் காப்புறுதி மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளுக்குத்தான் பொருந்தும். தாய்லாந்துக்கு வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டி விரிவாக்கம் வாங்க வேண்டும். முகவரிடம் "தாய்லாந்து எக்ஸ்டென்ஷன்" என்று கேட்டால் புரிந்துகொள்வார். உங்கள் சொந்தக் கார் நசுங்கினால் பணம் தருவது அதுதான்.

அப்படியானால் எல்லைக் கடைகளில் விற்கிறார்களே, அது எதற்கு? எல்லைக்கு அருகிலுள்ள சங்லூன் சாலையோரக் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைப்பது தாய்லாந்துச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் அடிப்படைக் காப்புறுதி. அது இல்லாமல் உள்ளே போகக் கூடாது. ஆனால் அது மனிதர்களின் காயத்துக்கும் உயிருக்கும் மட்டும்தான். நீங்கள் இடித்த காருக்கோ உடைத்த கடைக் கதவுக்கோ அது ஒரு பாட் கூடத் தராது. "அதான் இன்சூரன்ஸ் எடுத்தாச்சே" என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலர் இதைத்தான் எடுத்திருப்பார்கள். மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதத்துக்கும் சேர்த்து விற்கும் திட்டங்கள் அதே கடைகளில் இருக்கும். விலை வித்தியாசம் ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுக்கு மேல் போகாது. கேட்டு வாங்குங்கள்.

எந்த எல்லையில் கடப்பது? கெடாவின் புக்கிட் காயு ஹீத்தாம்தான் என் தேர்வு. அந்தப் பக்கம் சடாவ், அதை ஒட்டி டானோக் நகரம். வழக்கமான நேரம் மலேசியக் கடிகாரப்படி காலை 6 மணி முதல் நள்ளிரவு 12 வரை. தாய்லாந்துக் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதைத் திரும்பும் நாளில் மறந்துவிடாதீர்கள்; அங்கே இரவு 11 என்றால் இங்கே 12. பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை அங்கே போய் நிற்பதைப் போல் நேரத்தை வீணாக்கும் வேலை வேறில்லை. வேலை நாளில் விடியற்காலையில் போங்கள். பாடாங் பெசார் அடுத்த நல்ல வழி. ரந்தாவ் பாஞ்சாங், பெத்தோங் வழிகள் நராத்திவாட், யாலா மாநிலங்களுக்குள் கொண்டுபோய் விடும். 2004 முதல் அங்கே கிளர்ச்சியும் குண்டுவெடிப்பும் விட்டு விட்டு நடந்துவருகின்றன. பெத்தோங் அழகான ஊர்தான். நீண்ட பயணத்தின் முதல் நாளை அங்கே வைக்க வேண்டாம்.

எல்லையில் வரிசையாக என்ன நடக்கும்? அதற்கு முன் வீட்டிலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள். பின் இருக்கைக் குழந்தைக்கும் தனி அட்டை வேண்டும்.

எல்லைக்குப் போனதும் மலேசியச் சாவடியில் வெளியேறும் முத்திரை. அடுத்தது தாய்லாந்துக் குடிநுழைவு. காரில் வருகிறவர்களிடம் இரண்டு படிவங்கள் கேட்பார்கள்: டிஎம் 2 (வாகன விவரம்), டிஎம் 3 (காரில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்). காப்புறுதி விற்கும் அதே கடைகளில் இவற்றைத் தட்டச்சு செய்து தருவார்கள். நீங்களே கையால் நிரப்பலாம். ஆனால் அந்தக் கடைப் பெண்கள் கடப்பிதழ்களைச் சீட்டுக்கட்டுப்போல் விரித்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு அந்தச் சில வெள்ளி நியாயமான கூலி.

அடுத்ததுதான் பலரும் தவறவிடும் சன்னல். குடிநுழைவு முடிந்து தடுப்புக் கம்பம் உயர்ந்ததும், ஏதோ எல்லாம் முடிந்துவிட்டது என்ற உற்சாகத்தில் நேராக ஓட்டிவிடுவார்கள். நிறுத்துங்கள். சுங்கத்துறைச் சாவடிக்குப் போய்த் தற்காலிக இறக்குமதிப் படிவம் (காரைக் கொஞ்ச நாளுக்குக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப் போகிறேன் என்ற உறுதி) வாங்குங்கள். அதில் உங்கள் பெயர், பதிவெண், இயந்திர எண், சட்டக எண், கார் வெளியேற வேண்டிய கடைசி நாள் எல்லாம் இருக்கும்.

அந்தச் சன்னலைவிட்டு நகர்வதற்கு முன் கிரானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டு மூன்றாகியிருக்கலாம், பூஜ்யம் ஆங்கில எழுத்தாகியிருக்கலாம். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். இங்கே திருத்தினால் ஒரு நிமிட வேலை. ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, லாவோஸ் எல்லையிலுள்ள நோங் காயில் திருத்தச் சொன்னால் அரை நாள் போய்விடும். பிறகு அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

தவணை தாண்டிவிட்டால்? நாளுக்கு 1,000 பாட் என்ற கணக்கில் அபராதம் ஏறும். தாளே வாங்காமல் போய்விட்டால் இன்னும் சிக்கல்: கார் எப்போது வந்தது என்பதற்கே ஆதாரமில்லை. நோயோ பழுதோ காரணமாகத் தாமதமாகும் என்று தெரிந்தால், தவணை முடிவதற்கு முன்பே பக்கத்திலுள்ள சுங்க அலுவலகத்துக்குப் போய் நீட்டிப்புக் கேளுங்கள்.

இனி சாலை. சடாவிலிருந்து பாங்காக் வரை கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். அங்கிருந்து லாவோஸ் எல்லையிலுள்ள நோங் காய்க்கு அறுநூறு சொச்சம். ஒரு நாளைக்கு ஐந்நூறு சொச்சத்துக்கு மேல் போட வேண்டாம். முதல் இரவுக்குச் சும்போன் சரியான ஊர். ஹட்யாய்க்கும் பாங்காக்குக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. இரண்டாம் நாள் பாங்காக் நகருக்குள் நுழையவே நுழையாதீர்கள். 9-ஆம் எண் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வடக்கே அயுத்தயாவில் தங்குங்கள். மூன்றாம் நாள் 2-ஆம் எண் நெடுஞ்சாலை உங்களைக் கோன் கேன், உடோன் தானி வழியாக நேராக மேக்கோங் கரைக்குக் கொண்டுபோகும்.

தாய்லாந்தில் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். பழக்கமில்லாதது ஒன்றுண்டு: நாற்கர நெடுஞ்சாலையின் நடுவில் யூ-டர்ன் இடைவெளிகள். நீங்கள் வேகமாகப் போகும் வலத் தடத்திலேயே ஒரு லாரி மெதுவாகத் திரும்பி வந்து சேரும். அதனால் வலத் தடத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். இருட்டிய பிறகு ஓரத்தில் எதிர்த் திசையில் விளக்கில்லாமல் மோட்டார் சைக்கிள் வரும். மாலை ஆறு மணிக்குள் ஊர் சேர்ந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் போடும்போது குழாயில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே பெட்ரோல் பெரும்பாலும் கேசஹால் (எத்தனால் கலந்த பெட்ரோல்). கேசஹால் 95-இல் பத்து விழுக்காடு எத்தனால். பெரும்பாலான புதிய கார்கள் தாங்கும். ஈ20, ஈ85 என்று மலிவாக இருப்பவற்றை உங்கள் கார்க் கையேடு அனுமதித்தால் ஒழியத் தொடாதீர்கள். நம் சலுகை விலை எண்ணெயை நினைத்துக்கொண்டு போனால் முதல் தடவை நெஞ்சு வலிக்கும். ஆறுதலாக அங்கே பெரிய பிடிடி நிலையங்களில் சுத்தமான கழிப்பறையும் காப்பிக் கடையும் செவன் இலெவனும் இருக்கும்.

பணம்? மலேசிய மின்பணப்பைகள் பலவற்றாலும் வங்கிச் செயலிகளாலும் தாய்லாந்தின் பிராம்ட்பே கியூஆர் குறியீட்டை வருடி நேரடியாகக் கட்ட முடியும். இரு நாட்டு இணைப்பு 2021-இல் தொடங்கியது. சாலையோரக் கஞ்சிக் கடையில்கூட அந்தக் குறியீடு ஒட்டியிருக்கும். லாவோசுக்குக் கையில் பாட் வைத்துக்கொள்ளுங்கள். லாவோஸ் பணமான கிப் மாற்றும் வரை பல இடங்களில் பாட்டை வாங்கிக்கொள்வார்கள். இன்னொன்று: காரில் மின்சிகரெட் இருந்தால் எல்லைக்கு முன்பே இறக்கிவிடுங்கள். தாய்லாந்தில் அது சட்டவிரோதம்.

நோங் காயில் என்ன செய்ய வேண்டும்? சடாவில் செய்ததைத் தலைகீழாக. உங்கள் கடப்பிதழில் வெளியேறும் முத்திரை, காரின் சுங்கத் தாளை ஒப்படைத்தல். நுழைந்த எல்லையிலேயேதான் வெளியேற வேண்டும் என்பதில்லை. ஒப்படைத்ததற்கு ஏதாவது சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு 1994-இல் திறந்த நட்புறவுப் பாலம். பாலத்தின் லாவோஸ் முனையில் சமிக்ஞை விளக்கு ஒன்று வரும். அந்த இடத்தில் நீங்கள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறுகிறீர்கள். லாவோசில் எல்லாம் வலப்பக்க ஓட்டம்.

மலேசியர்களுக்கு லாவோசில் முப்பது நாள்வரை விசா வேண்டாம். காருக்கு மறுபடி ஒரு தற்காலிக இறக்குமதித் தாள், மறுபடி ஒரு காப்புறுதி. தாய்லாந்து விரிவாக்கம் இங்கே செல்லாது.

நம் காரின் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க, சாலையும் வலப்பக்கமாக இருந்தால் முந்துவது எப்படி? தனியாக முந்த முடியாது. லாரிக்குப் பின்னால் நிற்கும்போது எதிரே வருவது உங்களுக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். "வா", "நில்" என்று இரண்டே சொல் பேசிவைத்துக்கொள்ளுங்கள். "இரு, போ, இல்ல இரு" என்றால் விபத்துதான். சுங்கக் கட்டணச் சாவடியில் சீட்டு வாங்குவதும் பணம் நீட்டுவதும் அவர் வேலை. ஆகவே லாவோசில் தனியாக ஓட்ட வேண்டாம். முன் இருக்கையில் தூங்குகிறவரையும் உட்கார வைக்க வேண்டாம்.

வியந்தியானிலிருந்து வாங் வியங் வரை 2020 டிசம்பரில் திறந்த விரைவுச்சாலை இருக்கிறது. லாவோசின் முதல் விரைவுச்சாலை. அதற்கு மேல் லுவாங் பிரபாங் வரை மலைப்பாதை. பாரலாரிகள் உடைத்த குழிகள், சாலையில் படுத்திருக்கும் மாடுகள், மழைக்காலத்தில் மண்சரிவு. வரைபடச் செயலி சொல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். லுவாங் பிரபாங்கிலிருந்து வந்த வழியே திரும்பாமல், வடமேற்கே ஹுவாய் சாய் போய், 2013-இல் திறந்த நான்காம் நட்புறவுப் பாலத்தில் கடந்தால் தாய்லாந்தின் சியாங் கோங். அங்கே காருக்குப் புதிய சுங்கத் தாள், உங்களுக்குப் புதிய வருகை அட்டை. தாய்லாந்துக் காப்புறுதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். அங்கிருந்து சியாங் மாய் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்கலாம்.

எப்போது போகலாம்? நவம்பர் முதல் ஜனவரி வரை. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கில் வயலும் காடும் எரியும் புகை. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான். தண்ணீர்த் திருவிழா வேடிக்கைதான். ஆனால் அந்த வாரச் சாலை மரணங்களைத் தாய்லாந்து அரசே "ஏழு ஆபத்தான நாட்கள்" என்று தனியாக எண்ணுகிறது. தெற்கில் மட்டும் ஒரு விதிவிலக்கு: நவம்பர், டிசம்பரில் ஹட்யாய் பக்கம் வெள்ளம் வரக்கூடும். கிளம்பும் வாரத்தில் செய்தி பாருங்கள்.

"இவ்வளவு தூரம் போகிறோமே, வியட்நாமும் கம்போடியாவும் பார்த்துவிடலாமே" என்று காரில் ஒருவராவது கேட்பார். வியட்நாம் வெளிநாட்டுச் சுற்றுலாக் காரைத் தனியாக விடுவதில்லை. அங்குள்ள பயண நிறுவனம் மூலம் முன் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும், செலவு தாறுமாறு. தாய்லாந்து-கம்போடிய எல்லை 2025 ஜூனில் மூடப்பட்டது, ஜூலையில் சண்டையே நடந்தது. பயணத் திட்டத்தை அந்த எல்லையை நம்பிப் போடாதீர்கள். இந்த நாடுகளைப் பேருந்திலோ விமானத்திலோ இன்னொரு முறை பாருங்கள்.

சிங்கப்பூர்க் கார் வைத்திருப்பவர்களுக்கும் தாய்லாந்து நடைமுறை ஏறக்குறைய இதேதான். கூடுதலாக, மலேசியாவுக்குள் நுழைய விஇபி (வெளிநாட்டுக் காருக்கான நுழைவு அனுமதி) வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். சிங்கப்பூரைவிட்டு வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்க வேண்டும் என்ற பழைய விதியும் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து சொந்தக் காரில் வர முடியுமா? சில ஆண்டுகளுக்கு முன்வரை மணிப்பூரின் மோரே வழியாக மியன்மாருக்குள் நுழைந்து தாய்லாந்துக்கு ஓட்டியவர்கள் உண்டு. (1960-களில் பர்மாவிலிருந்து வெளியேற நேர்ந்த தமிழர்கள் சிலர் குடியேறிய ஊர் மோரே, அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உண்டு.) 2021 பிப்ரவரி இராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த வழி நடைமுறையில் அடைபட்டுவிட்டது. மேலும், 2016 முதல் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், லாவோஸ் போன்ற சில நாடுகளின் கார்களைத் தவிர்த்த மற்ற வெளிநாட்டுக் கார்களுக்கு முன் அனுமதியும் பயண நிறுவனமும் கட்டாயமாக்கியிருக்கிறது. விமானத்தில் வந்து, தாய்லாந்தில் வாடகைக் கார் எடுத்து ஓட்டுங்கள். பெரும்பாலும் வாடகைக் காரை எல்லை தாண்ட விடமாட்டார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோங் காயிலிருந்து பேருந்தில் பாலத்தைக் கடந்தால், 2021 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ரயிலில் வியந்தியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான்.

மலேசியக் காரை நோங் காயில் நிறுத்திவிட்டு இதேபோல் ரயிலில் போகலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் நீங்கள் லாவோசில் இருந்தாலும் தாய்லாந்தில் நிற்கும் காரின் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். பாலத்தைக் கடப்பதற்கு முன் சுங்கத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

வழியில் கார் நின்றுவிட்டால்? தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். நெடுஞ்சாலைப் போலீஸ் 1193, மருத்துவ அவசரம் 1669. விபத்து என்றால் காரை நகர்த்தும் முன் படம் எடுங்கள், காப்புறுதிச் சீட்டிலுள்ள எண்ணை உடனே அழையுங்கள். அவர்களின் ஆள் அந்த இடத்துக்கே வந்து பேசுவது அங்கே வழக்கம். அவர் வரும் முன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அதுவும் தாய் மொழித் தாளில். பழுது பெரியது, காரை விட்டுவிட்டு விமானத்தில் வீடு திரும்ப வேண்டிய நிலை என்றால், பட்டறைக்காரரிடம் தேதியிட்ட கடிதம் வாங்கி, அதையும் சுங்கத் தாளையும் எடுத்துக்கொண்டு முதலில் சுங்க அலுவலகத்துக்குப் போங்கள். விமானச் சீட்டை அதற்குப் பிறகு வாங்கலாம்.